பள்ளிக்கூடத்து அலமாரியும் ஊரார் நூல் நிலையமும்

(ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னை இன்று மாலை பேசப் பணித்திருக்கும் பொருள் கேட்பதற்கு மிகச் சிறியது போலத் தோன்றும். உங்கள் ஊர்ப் பள்ளியின் வடகோடி அறையில், பகலில் மாணாக்கருக்கும் அந்திப்பொழுதில் ஊராருக்குமாக, நெடுங்காலமாய்ப் பொதுவில் நடந்துவரும் புத்தகசாலையைப் பள்ளியினின்றும் பிரித்து, சட்டத்தின் துணையோடு நிற்கும் பொது நூல் நிலையமாக ஆக்கலாமா ஆகாதா என்பதே அப்பொருள். இதைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். ஓர் அறை, ஓர் அலமாரி வரிசை, ஒரே செலவு, அதில் இரு சாராரும் பயன் பெறுகிறார்கள் என்றால், நன்றாக நடந்துகொண்டிருப்பதை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்போர் உளர். முப்பது ஆண்டுக் காலம் உபாத்தியாயராக இருந்து, அதில் பாதிக் காலம் இத்தகையதோர் அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை நான் மிகுந்த மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறேன். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே கேட்டவன்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த அறை உங்கள் முன்னோர் செய்த தர்மம். கலியாணத்திற்கு வந்த மொய்ப் பணத்தில் ஒரு பகுதியைப் புத்தகமாக வாங்கிக் கொடுத்தவர்களும், இறந்துபோன தந்தையின் நூல்களைத் துணியில் மூட்டை கட்டித் தலையில் சுமந்துகொண்டு வந்து ஒப்படைத்தவர்களும், விடுமுறை நாளிலும் வந்து கதவைத் திறந்து வைத்த ஆசிரியர்களும் சேர்ந்து உண்டாக்கியது அது. அதனைக் குறை கூறும் நோக்கம் எனக்கு எள்ளளவும் இல்லை. விதை முளைத்த தொட்டியிலேயே மரமும் நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை அல்லவா? அந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப் போகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாயில் உண்டு. அந்த வாயில் உள்ளே இருப்போர்க்கு ஒரு விதமாகவும் வெளியே நிற்போர்க்கு வேறு விதமாகவும் தோற்றம் அளிப்பது. நான் பணியாற்றிய ஓர் ஊரில், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, நூற்பாலைக்கு வேலைக்குச் சென்று, பின்னர் மணமாகி அதே ஊருக்குத் திரும்பி வந்த ஒரு பெண், மாலை வேளைகளில் தன் மகனை அழைத்துப் போகப் பள்ளி வாசலுக்கு வருவாள். மகன் புத்தக அறையில் இருப்பான். அவள் வேப்பமரத்தடியிலேயே நிற்பாள். "உள்ளே வாம்மா, உனக்கும் புத்தகம் உண்டு" என்று நான் பலமுறை அழைத்தும் அவள் வரவில்லை. ஒருநாள், "அந்த வாசலைத் தாண்டினால் என்னைக் கணக்கில் தோற்றவள் என்று நிறுத்தி வைத்த நாள்தான் ஐயா ஞாபகத்துக்கு வருகிறது" என்றாள். எந்த வாயில் என் கண்ணுக்கு அறிவின் வாயிலாகத் தெரிந்ததோ, அது அவளுக்கு அவமானத்தின் வாயிலாக இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கைநாட்டு வைப்பவர்கள், தம் பிள்ளையின் ஆசிரியரைக் கண்டால் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் பழைய தலைமுறையினர் ஆகிய இவர்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம் என்பது தாம் மதிப்பிடப்பட்ட இடம். நூல் நிலையமோ ஒருவரையும் மதிப்பிடாத இடமாக இருக்கக் கடவது. இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால், மதிப்பிடும் இடத்தின் நிழலே மற்றதன் மேல் விழுகிறது. நம் அறைக்கு வராதவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். நூல் நிலையம் எவருக்கு அதிகம் தேவையோ அவர்களே அந்தக் கணக்கில் பெரும்பான்மையோராக இருப்பார்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் ஓய்வு மிகுதி. அப்போது பள்ளி பூட்டியிருக்கும். பொதுத்தேர்வு வந்தால் வெளியார் எவரும் வளாகத்துக்குள் வரலாகாது. தேர்தல் வந்தால் அதே அறை வாக்குச்சாவடி ஆகிவிடும். மழைவெள்ளம் வந்தால் வீடிழந்தோர் தங்கும் இடமும் அதுதான். இவையெல்லாம் பள்ளிக்கு உரிய கடமைகளே. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆண்டில் எத்தனை மாலை ஊரார் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். பள்ளி நூலகத்தில் ஊரார் எத்தனை ஆண்டு வந்து போனாலும் விருந்தாளிகளே. வீட்டில் ஒரு காரியம் என்றால் விருந்தாளிதான் திண்ணைக்குப் போக வேண்டும்.

இனி, சாவியைப் பற்றி. பள்ளிக்கூடத்து நூல்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. தணிக்கைக்கு வருபவர் கேட்டால் எண்ணிக்கை குறையாமல் காட்ட வேண்டியவை. காணாமற்போனவற்றுக்குப் பொறுப்பாளரே பணம் கட்ட நேரிடும் என்ற அச்சத்தோடு காக்கப்படுபவை. இந்த அச்சம் ஓர் ஆசிரியரை என்ன செய்யும் என்பதை நான் என் சொந்த அனுபவத்தில் அறிவேன். நான் முதன்முதல் பொறுப்பேற்ற பள்ளியில், ஒரு தணிக்கையின்போது பதினொரு புத்தகங்கள் குறைந்தன என்று என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஓராண்டுக் காலம், சொல்ல வெட்கமாயிருக்கிறது, நான் எவருக்கும் ஒரு புத்தகமும் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் நூல்கள் பத்திரமாக இருந்தன. பதிவேடு செம்மையாக இருந்தது. ஊருக்கு மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்லை. மேலும், புத்தகத்தில் பிரியமுள்ள ஓர் ஆசிரியர் இருக்குமட்டும் அறை உயிரோடு இருக்கிறது. அவர் வேறூருக்கு மாற்றலாகிப் போனால், வருபவர் கணக்குப் பாடத்தோடு இதையும் ஒரு கூடுதல் சுமையாகவே ஏற்றுக்கொள்கிறார். ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தை நம்பி நிற்கும் ஸ்தாபனம், அவர் போனபின் நிற்பது அரிது.

நாம்தான் இந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்கிறோம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க நாட்டு நியூயார்க் மாகாணத்தார் இதே வழியில் நம்மைவிட மிகப் பெரிய அளவில் நடந்து பார்த்திருக்கிறார்கள். 1835ஆம் ஆண்டிலே அம்மாகாணச் சட்டமன்றம், ஒவ்வொரு பள்ளி வட்டாரத்தாரும் விரும்பினால் தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு, முதலாண்டில் 20 டாலரும் பின்னர் ஆண்டுதோறும் 10 டாலருமாகச் செலவிட்டு, பள்ளியைச் சார்ந்ததோர் நூல் நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. அந்நூல்கள் மாணாக்கருக்கு மட்டும் அல்லாமல் வட்டாரத்தில் வாழும் அனைவருக்கும் உரியவை. இன்று இந்த அறையில் நாம் வைத்திருக்கும் ஏற்பாடே அதுவும். வெறும் அனுமதியை வைத்துக்கொண்டு வரி போட்டுக்கொண்ட வட்டாரங்கள் சிலவே ஆனபடியால், 1838இல் மாகாணமே ஆண்டுக்கு 55,000 டாலர் ஒதுக்கி, அதற்கு ஈடான தொகையை ஊர்களும் திரட்ட வேண்டும் என்று விதித்தது. மத்திய அரசிடமிருந்து மாகாணத்துக்கு வந்து சேர்ந்த உபரிப் பணத்தின் வருமானம் அது. மாஸாசூஸெட்ஸ் மாகாணமும் 1837இல் இதே மாதிரியான சட்டம் செய்தது. கல்வியாளர் ஹோரஸ் மான் அதற்காகப் பெரிதும் உழைத்தவர்.

விளைவு முதலில் அற்புதமாக இருந்தது. 1853ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாகாணத்துப் பள்ளி வட்டார நூல் நிலையங்களில் இருந்த புத்தகங்கள் 16 லட்சத்துக்கு மேல். காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்த ஒரு ஜன சமூகத்துக்கு அது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தொகை ஏறத்தாழப் பாதியாகக் கரைந்துவிட்டது. தீ விபத்தோ யுத்தமோ அவற்றை அழிக்கவில்லை. அந்தப் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்கும் பள்ளித் தளவாடங்களுக்கும் செலவிடலாம் என்று பின்னால் வழி விட்டார்கள். பள்ளியின் அவசரத் தேவைக்கும் நூலகத்தின் நெடுநாளைத் தேவைக்கும் போட்டி வந்தபோது பள்ளியே வென்றது. ஒவ்வொரு வட்டாரமும் சிறியது. அங்கே இருந்த நூற்றுச் சொச்சம் புத்தகங்களைப் படித்து முடித்தவருக்குப் பின்னர் அங்கு வேலையில்லை. புத்தகங்களைப் பேணுவதற்கென்றே சம்பளம் பெறும் ஆள் எங்கும் இல்லை. ஒருவர் வீட்டிலும் இன்னொருவர் கடையிலுமாக அவை சிதறிப் போயின. கடைசியில் 1892இல், மெல்வில் டூயி என்ற நூலக அறிஞர் அம்மாகாணக் கல்வி நிர்வாகத்தில் செயலாளராக இருந்த காலத்தில், சட்டத்தைத் திருத்தினார்கள். மாணாக்கரும் ஆசிரியரும் பயன்படுத்துவதற்கான பள்ளி நூலகம் பள்ளிக் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். ஊராருக்கு உரிய நூல்களை இலவசப் பொது நூல் நிலையத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டுக்கு மேல் நஷ்டப்பட்டு அவர்கள் கற்ற பாடத்தை நாம் நஷ்டப்படாமலே பெற்றுக்கொள்ளலாம்.

இதற்கு மாறாக, அதே நாட்டு நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் பீட்டர்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. பள்ளிகளுக்கென்று மாகாணம் ஊர்தோறும் பகிர்ந்து கொடுத்த நிதி ஒன்று உண்டு. 1833இல் அவ்வூரார் கூட்டம் கூடி, தங்களுக்கு வந்த அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஊரார் எல்லோருக்குமான இலவச நூல் நிலையத்துக்கு ஒதுக்கத் தீர்மானித்தார்கள். முதலில் அப்புத்தகங்கள் தபாலாபீசும் சேர்ந்திருந்த ஒரு பலசரக்குக் கடையில்தான் இருந்தன. உப்பு வாங்க வந்தவரும் கடிதம் வாங்க வந்தவரும் புத்தகமும் எடுத்துப் போனார்கள். அந்த நூல் நிலையம் இன்றளவும் நடக்கிறது. பள்ளிக்கு வந்த பணமே ஆனாலும், புத்தகங்களை எல்லோர் காலும் படும் இடத்தில் வைக்கத் துணிந்த அந்த ஊராரின் விவேகத்தை நான் பல இரவுகள் எண்ணி வியந்திருக்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1906இல் தம் சமஸ்தானம் முழுவதிலும் கட்டாய இலவச ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தார். எழுத்தறிந்தவன் பள்ளியை விட்டபின் படிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கற்றதை மறந்துபோவான் என்பதை உணர்ந்து, 1910இல் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை வரவழைத்து, தலைநகரில் மத்திய நூல் நிலையமும் கிராமந்தோறும் கிளைகளும் காணும் பணியைத் தொடங்கினார். கிராமத்தார் ஒரு பங்கு திரட்டினால் உள்ளூர் நிர்வாகம் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் தரும் என்பது அங்கே விதி. பள்ளியின் நிதியில் கை வையாமல், பள்ளி முடிந்த இடத்தில் நூல் நிலையம் தொடங்குமாறு அமைத்த ஏற்பாடு அது.

தமிழகத்தில் இத்துறையின் தந்தை யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த இரங்கநாதன் அவர்களும் ஓர் உபாத்தியாயர்தாம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த புதிதில் அந்தப் பணியின் தனிமை பிடிக்காமல் மறுபடியும் வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார் என்பது அவர் வரலாற்றில் உள்ள செய்தி. இங்கிலாந்துக்குச் சென்று, அங்கே ஊர்தோறும் பொது நூலகம் எப்படி நடக்கிறதென்று கண்ணால் கண்ட பிறகே, இதுவும் ஆசிரியத் தொழிலைப் போன்ற ஒரு முழு வாழ்நாள் தொழில் என்று தெளிந்தார். 1931இல் அவர் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். அவற்றுள் முதலாவது புத்தகத்தின் உபயோகத்தைப் பற்றியதே. பாதுகாப்பை முதலில் வைக்காமல் உபயோகத்தை முதலில் வைத்தாரே, என் பதினொரு புத்தகத்துக்கும் பூட்டிய ஓராண்டுக்கும் அதுவே விடை என்று அதைப் படித்த அன்று உணர்ந்தேன். அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் படிப்போரைத் தேடி மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஏறிச் சென்றன.

மனிதர்களின் உற்சாகம் மட்டும் போதாது, சட்டம் வேண்டும் என்று இரங்கநாதன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாமல் வாதாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. வீட்டு வரியில் ரூபாய் ஒன்றுக்கு அரையணா நூலகத்துக்கென்று தனியாக வசூலாக வேண்டும். ஜில்லாதோறும் அதை நிர்வகிக்க ஓர் ஆணைக்குழு வேண்டும் என்பவை அதன் உயிர்நாடி. அந்த அரையணா இன்று பத்துக் காசாக வளர்ந்திருக்கிறது. இங்கே இருக்கும் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி அதில் இருக்கும். நாம் அதைச் செலுத்திக்கொண்டே, நமக்குரிய நூல் நிலையத்தைப் பள்ளியின் தயவில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளியைத் தாண்டி ஊருக்கென்று நூல் நிலையம் காண்பதற்கு யாழ்ப்பாணத்தாரிடமும் ஓர் உதாரணம் உண்டு. 1933இல் ஓர் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூலகத்தை இரண்டாண்டில் நகர சபை ஏற்றுக்கொண்டது. பின்னர் அதற்குப் பெரிய கட்டடம் எழுப்பும் முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார். தம் கல்லூரி நூலகத்தைப் பெருக்கிக்கொள்வதோடு அமையாமல் நகரத்துக்கென்று கைநீட்டிய ஆசிரியர் அவர். 1959இல் திறந்த அந்த மாளிகையை 1981இல் எரித்தார்கள். 97,000 நூல்கள் சாம்பலாயின. தம் சொந்த வீடு எரிந்ததென்றே அந்நகர மக்கள் அழுதார்கள்.

கட்டடம் எழுப்பினால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2006 முதல் நம் மாநிலத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. நோக்கம் மிக உயர்ந்தது. ஆனால் நான் நேரில் சென்று பார்த்த பல ஊர்களில் அவை பூட்டிக் கிடந்தன. ஒன்றில் உரமூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சுவர் இருந்தது, புத்தகம் இருந்தது, முழு நேரம் அமர்ந்து ஒரு வாசகரைப் பெயர் சொல்லி வரவேற்கும் நூலகர் மட்டும் இல்லை. ஆகையால் நீங்கள் கேட்கும்போது கட்டடத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆளைக் கேளுங்கள்; மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வரும் கிளையாகக் கேளுங்கள்; மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் நேரத்தைக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு நஷ்டம் வருமே என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது. அகராதிகள், பாடத்துக்குத் துணையானவை, வகுப்பில் கையாளும் படப் புத்தகங்கள் ஆகியவை பள்ளியிலேயே இருக்கட்டும். அவை பள்ளியின் அங்கம். நாவலும் வரலாறும் வேளாண்மையும் வைத்தியமும் நாளிதழ்களும் புது இடத்துக்குப் போகட்டும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், கர்ப்பவதியான பெண், கூட்டுறவுக் கடன் விதிகளை அறிய விரும்பும் உழவர் இவர்கள் கேட்கும் புத்தகங்களைப் பள்ளி அலமாரி ஒருநாளும் வாங்கி வைக்க இயலாது. வைத்தால் அது பள்ளியின் வேலையுமாகாது. வாரத்தில் ஒரு பாடவேளை ஒவ்வொரு வகுப்பையும் ஆசிரியர் வரிசையாக அழைத்துக்கொண்டு பொது நூல் நிலையத்துக்கு நடந்து வரட்டும். அப்போது பிள்ளைகள் தம் பாட்டனாரும் அங்கே கண்ணாடி அணிந்து படித்துக்கொண்டிருப்பதைக் காண்பார்கள். பள்ளியை விட்ட மறுநாளும் அதே வாசலுக்கு அவர்கள் வரலாம். ஊர் பள்ளிக்கு விருந்தாய் வந்த நிலை மாறி, பள்ளி ஊருக்கு விருந்தாய் வரும்.

இடத்தைப் பற்றியும் என் கருத்தைக் கேட்டார்கள். பள்ளியின் மதிலை ஒட்டி, கடைத்தெருவைப் பார்த்தாற்போல் ஊராட்சிக்குச் சொந்தமான காலி மனை இருக்கிறதென்று தலைவர் சொன்னார். அதைவிடத் தக்க இடம் வேறில்லை. வாயில் தெருப்பக்கம் இருக்க வேண்டும்; படி தாழ்வாக இருக்க வேண்டும்; பெண்கள் வந்தால் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவிடமும், தண்ணீரும், கழிப்பிடமும் இருக்க வேண்டும். இவற்றை அற்பம் என்று தள்ளினால், வருவோரில் பாதிப் பேரை முன்கூட்டியே தள்ளியவர் ஆவோம். வசதியுள்ளோர் ஆயிரம் ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேரலாம். இயலாதோர் ஒருநாள் உழைப்பைத் தரலாம்.

வருகிற அக்டோபர் 2ஆம் நாள் உங்கள் கிராம சபை கூடுகிறது. மனையை நூலகத்துக்கு ஒதுக்கியும், பள்ளியிலுள்ள பொது நூல்களைப் பட்டியலிட்டு மாற்றிக் கொடுக்க இசைந்தும், முழு நேர நூலகரோடு ஒரு கிளையை வேண்டியும் ஒரு தீர்மானம் அன்று வர வேண்டும். அதன் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்; மேசைமேல் இருக்கிறது. கூட்டம் கலையுமுன் ஒவ்வொருவரும் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுங்கள். இன்று வராதவர்கள் வீட்டுக்கு நாளை மாலை அதை எடுத்துச் செல்லுங்கள். வேப்பமரத்தடியில் நிற்பவர்களிடம் முதலில் காட்டுங்கள்.